கவென்ட்ரியா, விண்டர்தூரா?

இண்டர்வியூ அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் நரசிம்மன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி போட்ட வெளிர்நீல வாயில் புடவை. உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று பயம்.

கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எங்கள் டிராயிங் ஆபீஸ் தலைவர் ராமராவ், நிர்வாக அதிகாரி ஒருவர், சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த தலைமை என்ஜினீயர். என் கையில் ஒரு கடிதம். வியர்வையில் உறையின் ஓரம் நனைந்துவிட்டிருந்தது.

"முதல்ல நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று கேட்டார் நரசிம்மன்.

"நீங்களே போங்க சார்."

போன வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு, தங்கவயலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 'அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்ணை வெளிநாட்டுக்கு எப்படித் தனியாக அனுப்பினார்கள்?' அனுப்பவில்லை அம்மா. நான்தான் போனேன். எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு இடம், பதினாறு பேர்

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரின் வடக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து ராகிக் கொல்லைகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் தொழிற்சாலை. லேத் எந்திரங்கள் செய்வோம். வரைபடங்கள் சுவிட்சர்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரும். அவற்றின்மேல் வழவழப்பான டிரேசிங் துணியை விரித்து, கறுப்பு இங்கில் கோட்டுக்குக் கோடு நகல் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு டிரேசர் என்று பெயர். டிராயிங் ஆபீஸ் முழுக்க ஆண்கள், நான் ஒருத்திதான் பெண்.

பிரிண்ட் போடும் அறை பக்கத்திலேயே இருந்தது. அதன் அம்மோனியா நெடி புடவையில் ஏறிவிடும். நான் மர்பி டவுனில் பஸ் இறங்கி நடந்து வரும்போதே, "சுலோசனா வந்துட்டா, மூக்கைப் பொத்திக்கோ" என்று தெருவில் சிரிப்பார்கள்.

ஒரு நாள் ராமராவ் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். நகல் எடுப்பவர்களை, தாங்களாகவே எந்திரம் வரைகிறவர்களாக்கும் பயிற்சி. இரண்டு வருஷம். பாதி வேலை, பாதி படிப்பு. ஓர் இடம் இங்கிலாந்தில், கவென்ட்ரி. ஓர் இடம் சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர். யாருக்கு எது வேண்டும் என்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்டர்தூர் கேட்பவர் ஜெர்மன் கற்றுக்கொண்டு வரவேண்டும். அதனால் இண்டர்வியூவுக்கு இன்னும் எட்டு மாதம்.

அடுத்த நாளிலிருந்து கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. பெரும்பாலும் எல்லோர் வாயிலும் இங்கிலாந்துதான்.

ஜோசப் பார்த்த கவென்ட்ரி

எங்களில் ஒருவர்தான் வெளிநாடு போய்த் திரும்பியவர். ஷிவாஜி நகர்க்காரர், ஜோசப். கவென்ட்ரியில் ஒன்றரை வருஷம் இருந்தவர். அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். நான் கூட்டம் கலைந்த பிறகு போய்க் கேட்டேன்.

"அண்ணே, நெஜமாச் சொல்லுங்க. எப்படி இருக்கும்?"

"பாதி ஊர் யுத்தத்துல குண்டு விழுந்து போச்சு. அதைப் புதுசாக் கட்டிக்கினு இருக்காங்க. எங்க பாத்தாலும் சாரம், செங்கல். வேலைக்குப் பஞ்சமே இல்ல. எனக்கு வாய்ச்ச ஃபோர்மேன் தங்கமான மனுஷன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டான்."

"படிப்பு?"

"சாயங்காலம் காலேஜ். லைப்ரரியில எத்தனை புஸ்தகம் வேணா எடுத்துக்கலாம். பாஷை தெரியும்ல, அதுதான் பெரிய சுகம். பஸ்காரன்கிட்ட கூட ஜோக் அடிக்கலாம்."

"தங்கறதுக்கு?"

அவர் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அதை ஏன் கேக்கற. ரூம் காலின்னு போர்டு இருக்கும். கதவைத் தட்டினா, முகத்தைப் பாத்துட்டு, இப்பத்தான் போச்சுன்னுவாங்க. பதினோரு வீடு தட்டினேன். பன்னெண்டாவது ஒரு ஐரிஷ்காரம்மா குடுத்தா. ஆனா ஒண்ணு சொல்றேன், இப்பக் கூப்பிட்டாலும் நான் கவென்ட்ரிக்குத்தான் போவேன்."

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து நானும் அந்த ஊரில் ஒரு வாரம் தங்கினேன். ஜோசப் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை, நல்லதும் சரி, கெட்டதும் சரி. வெந்நீரில் நனைத்த கம்பளி மாதிரி ஒரு வாசனை அந்த ஊர் பஸ்ஸில். பஸ்காரரிடம் நானும் ஒரு ஜோக் அடித்தேன். அவர் சிரித்தார்.

ரூத் வீட்டுச் சமையலறை

விண்டர்தூரைப் பற்றிச் சொல்ல எங்களில் யாரும் இல்லை. ஆனால் எனக்கு ரூத் இருந்தாள்.

கெல்லர் என்று ஒரு சுவிஸ் ஃபோர்மேன் எங்கள் அசெம்ப்ளி பிரிவில் இருந்தார். நோட்டீஸ் வருவதற்கு ஆறு மாதம் முன்பு அவருடைய மனைவி பெங்களூர் வந்து சேர்ந்தாள். அவள்தான் ரூத். என் வயதுதான். சமையல்காரம்மாவுக்கும் தோட்டக்காரருக்கும் தமிழ் மட்டும்தான் தெரியும். ரூத்துக்கு அரைகுறை இங்கிலீஷ். இடையில் பேச ஒரு ஆள் வேண்டுமென்று கெல்லர் கேட்க, ராமராவ் என்னைச் சனிக்கிழமை மத்தியானங்களில் அனுப்பிவைத்தார்.

முதல் நாள் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. மேஜைமேல் கறி அரைக்கும் கருவி ஒன்று திருகு கழன்று கிடந்தது. அந்தத் திருகைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. வரைபடங்களில் அதன் பக்கத்தில் ஒரு சொல் இருக்குமே, ஆயிரம் தடவையாவது அந்த எழுத்துக்களை நகல் எடுத்திருப்பேன். எழுத்தைக் கூட்டி, "ஸ்-ச்-ரவ்-பே" என்றேன்.

ரூத் சிரித்த சிரிப்பில் சமையல்காரம்மா ஓடி வந்துவிட்டாள்.

"ஷ்ராவ்பெ" என்று ரூத் திருத்தினாள். உடனே கையை ஆட்டி, "அது புஸ்தகத்தில. வீட்டில நாங்க ஷ்ரூபெ" என்றாள். சுவரைத் தட்டி, "புஸ்தகத்தில ஹவுஸ். வாயில ஹூஸ்."

"எழுதறது ஒண்ணு, பேசறது ஒண்ணா?"

"எப்பவும். எழுதற மாதிரி பேசினா எங்க ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துக்கினு இருக்கேன்' என்று பேசுகிறவள் நான். ஏழு கடலுக்கு அப்பால் இன்னொரு கூட்டமும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறதே!

அதற்குப் பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும். அவளுக்கு நான் தமிழ், எனக்கு அவள் இரண்டு ஜெர்மன். அவர்கள் பேச்சில் தொண்டையைக் காறுவது போல ஒரு 'க' உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு வரவே வராதாம். எனக்கு முதல் தடவையே வந்தது. எங்கள் அடுத்த வீட்டு ஃபாத்திமாவை 'காலா', அதாவது சித்தி, என்று தக்னி உருதுவில் தொண்டையிலிருந்து கூப்பிட்டே வளர்ந்தவள் நான். ரூத் நம்பாமல் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள்.

விண்டர்தூரை அவள் அலங்கரித்துச் சொல்லவில்லை. காலை ஆறேமுக்காலுக்கு வேலை தொடங்கிவிடும். வாரத்தில் ஒன்றரை நாள் தொழிற்பள்ளி. அங்கே பட்டறையில் கை கறுக்காமல் யாரையும் வரைபலகை பக்கம் விடமாட்டார்கள். ரயில் நிமிஷம் தவறாது. ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தினால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். எளிதில் சிநேகமாக மாட்டார்கள், ஆனபிறகு விடமாட்டார்கள். எங்கும் பாலாடைக்கட்டி வாசனை.

ஒரு நாள் பேச்சுவாக்கில், போன எலெக்ஷனில் ஓட்டுப் போட்ட கதையைச் சொன்னேன். காலையிலேயே வரிசையில் நின்றது, விரலில் மை வைத்தது எல்லாம்.

ரூத் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டாள்.

"நீ ஓட்டுப் போட்டாயா? நீயே?"

"ஆமாம். நீ போட்டதில்லையா?"

"எங்க நாட்டில பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்ல சூலோ."

என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மை எப்போதோ போய்விட்டிருந்தது. அன்று மத்தியானம் முழுக்க எனக்கு ஒரு முழம் உயரம் கூடியது போல இருந்தது. ஐரோப்பாவில் எல்லாம் நம்மைவிட ஒரு படி மேலே என்று நினைத்திருந்தவளுக்கு, அன்றைக்கு ஒரு பயம் விட்டது.

நைனாவின் காகிதம்

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா எனக்கு ஒன்பது வயதில் போனபின் எனக்கு எல்லாமே அவர்தான். கண்டோன்மென்டில் ஒரு மேஜர் துரை வீட்டில் இருபது வருஷம் பட்லர். சுதந்திரம் வந்ததும் துரை குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. நைனா ஒரு கிளப்பில் சாப்பாடு பரிமாறும் பேரராகச் சேர்ந்தார்.

அவருக்கு இங்கிலாந்து என்றால் சொர்க்கம். நோட்டீஸ் விஷயம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கவென்ட்ரின்னே எழுதிடும்மா. துரைசானியம்மா அங்கதான இருக்காங்க? போய்ப் பாரு. என் சர்டிபிகேட்டைக் காட்டு. மாணிக்கம் பொண்ணுன்னா ஓடி வந்து செய்வாங்க."

"நைனா, எனக்கு மத்த ஊருன்னு தோணுது."

"ஓட்டு கூட இல்லாத ஊருக்கா? நீதான சொன்ன! இங்கிலீஷ்காரன் நம்மளைத் தெரிஞ்சவன். அந்த ஊர்ல உன்னை யாருக்குத் தெரியும்?"

"அதுக்காகத்தான் நைனா."

அவருக்குப் புரியவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். துரை போகும்போது எழுதிக் கொடுத்த சான்று. நைனாவுக்கு இங்கிலீஷ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது படித்துக் காட்டச் சொன்னார். 'ரொம்ப நல்லவர்னு எழுதியிருக்காங்க' என்று சொல்லி வைத்திருந்தேன். அதிலேயே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"இன்னொரு தபா படி. படிச்சிட்டு எந்த ஊருன்னு சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. தெருக் குழாயில் பெண்கள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

"நாணயமானவன். குடிக்க மாட்டான். வெள்ளிச் சாமான்களை நம்பி விடலாம். தன் இடம் எதுன்னு தெரிஞ்சவன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் நைனா."

"பேரு? என் பேரு?"

"பட்லர்னு போட்டிருக்கு."

காகிதத்தை வாங்கி அதே மடிப்பில் மடித்தார். கையை வைத்து நீவினார். வெளியே போய்விட்டார். நான் அழுதுகொண்டே சோறு வடித்தேன். இருபது வருஷ உழைப்புக்கு அவர் வைத்திருந்த ஒரே சாட்சி, அதைப் போய் உடைத்துவிட்டேனே!

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"சுலோ. அந்த இன்னொரு ஊரு பேரு இன்னா?"

"விண்டர்தூர்."

"வாயில நுழையல. பரவால்ல. அதையே எழுதிக் குடு."

உள்ளே

பதினாறு பேர் எழுதிக் கொடுத்தோம். பதினான்கு பேர் கவென்ட்ரி. விண்டர்தூர் கேட்டது நரசிம்மனும் நானும்.

"ஏனம்மா சுலோசனா, தமாஷா?" என்று கேட்டார் ராமராவ்.

"இல்ல சார்."

"டிபார்ட்மென்ட்ல ஒத்துக்க மாட்டாங்க. லேடீஸ் தங்க அங்க ஹாஸ்டல் இல்லைன்னு இப்பவே சொல்றாங்க. நான் எதிர்க்கல. ஆனா ஆசை வெச்சுக்காதே."

எட்டு மாதம் படித்தேன். பஸ்ஸில் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். நகல் எடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வைத்தேன். ரூத்திடம் ஹாஸ்டல் பிரச்சினையைச் சொன்னேன். அன்றைக்கே தன் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள்.

இண்டர்வியூ அறைக்கதவு திறந்தது. நரசிம்மன் வெளியே வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் சொன்னேன். போங்க, ஒண்ணும் கடிக்க மாட்டாங்க" என்றார். போட்டியாளரிடம் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

நான் உள்ளே போய், ரூத் வீட்டில் சொல்வது போலவே, "க்ரூயெட்ஸி" என்று வணக்கம் சொன்னேன்.

சுவிஸ் என்ஜினீயர் தலை தூக்கினார். எழுபது கிலோ இரும்பு மாதிரி இறுகிய முகம். அதில் ஒன்றும் அசையவில்லை. மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்து, அடிக்குறிப்பின் மேல் விரல் வைத்தார்.

"படி. பிறகு உன் சொல்லில் விளக்கு" என்றார் ஜெர்மனில்.

பேரிங்கைத் தண்டில் ஏற்றுமுன் எண்ணெயில் சூடாக்க வேண்டும் என்ற குறிப்பு. எழுத்தில் இருந்தபடியே, புத்தக மொழியில் பிசகாமல் படித்தேன். அப்புறம் பேச்சு மொழிக்கு மாறினேன். ரூத் எனக்கு எப்படிச் சமையல் சொல்லித் தருவாளோ அப்படி.

"எண்ணெயைச் சட்டியில ஊத்து. சூடாகட்டும், ஆனா புகை வரக் கூடாது, வடை சுடற சூடு வேணாம். பேரிங்கை உள்ளே விடு, அடியில படாம தொங்கவிடு. சூடேறினா கொஞ்சம் விரியும். டக்குனு எடுத்துத் தண்டுல மாட்டு. சுத்தியால அடிக்காதே, பாவம் அது."

'வடை' என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் தெரியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

இரும்பு முகம் குலுங்க ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ராமராவ் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"இவள் என் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பேசுகிறாள்" என்று அவர் மற்ற இருவரிடமும் இங்கிலீஷில் சொன்னார். என் பக்கம் திரும்பி, "படிப்பது ஒரு விதம், பேசுவது ஒரு விதம் என்று உனக்கு யார் பிரித்துச் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்க மொழியும் அப்படித்தான் சார். பொறந்ததிலிருந்தே பழக்கம்."

நிர்வாக அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது. இங்கிலாந்து கேட்டிருக்கலாமே?"

"நாலு வருஷமா நான் நகல் எடுக்கறது அந்த ஊர்ப் படங்களை சார். அதை எப்படி யோசிச்சு வரைஞ்சாங்கன்னு வரைஞ்ச இடத்துலயே கத்துக்கணும்."

"பெண்கள் தங்க அங்கே இடமில்லை. தனியாக எப்படி அனுப்புவது?"

நனைந்த உறையை நீட்டினேன். அதிகாரி பிரித்துப் பார்த்தார். ஜெர்மன். ஒன்றும் புரியாமல் என்ஜினீயரிடம் கொடுத்தார். அவர் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார்.

ரூத்தின் அம்மா எழுதியிருந்தாள். மகளுடைய அறை காலியாக இருக்கிறது. சுலோசனா அதில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும்.

கவென்ட்ரியில் பதினோரு கதவு தட்டிய ஜோசப்பை நினைத்துக்கொண்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும்.

"வேறு ஏதாவது தடை இருக்கிறதா?" என்று கேட்டார் என்ஜினீயர்.

அதிகாரி காகிதங்களை அடுக்கினார்.

மூன்றாம் நாள் காலை ராமராவ் டிராயிங் ஆபீஸ் நடுவில் நின்று, கன்னடத்தில் கத்தினார். "நம்ம ஹுடுகி ஹோக்தாளே!" நம்ம பொண்ணு போறா! அந்தக் கண்டிப்பான மனிதர் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். முதலில் டி-ஸ்கொயர் அளவுச் சட்டத்தால் பலகையைத் தட்டியவர் நரசிம்மன். அப்புறம் ஒவ்வொரு பலகையாக அந்தத் தட்டல் அறை முழுக்கப் பரவியது. பிரிண்ட் அறையிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நரசிம்மனும் அடுத்த வருஷம் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன்

பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். ரயில் ஏற்ற ரூத், கெல்லர், ஜோசப், எங்கள் தெருவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஃபாத்திமா காலா கையில் பொட்டலம். ரூத் என்னைக் கட்டிக்கொண்டு சுத்தமான மர்பி டவுன் தமிழில், "போய்க்கினு வா சூலோ" என்றாள்.

பெட்டியை யாரையும் தொடவிடாமல் நைனாவே தோளில் சுமந்து வந்தார். அதே பிளாட்பாரத்தில் துரைமார் பெட்டிகளை எத்தனையோ தடவை ஏற்றியவர். பழைய போர்ட்டர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா பட்லரே, ரொம்ப நாளாச்சு. எந்த துரைக்கு?"

நைனா பெட்டியை இறக்கி வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"துரை இல்லப்பா. என் பொண்ணு. சுவிட்சர்லாந்துக்குப் போறா. என்ஜினீயர்."

நான் போவது டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சிக்கு. திருத்தவில்லை.

விசில் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது. எல்லோரும் கையாட்டினார்கள். நான் ஜன்னலில் தலையை நீட்டி நைனாவைத் தேடினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. போர்ட்டர் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையை வீசி வீசி, வாயில் நுழையாத அந்த ஊர்ப் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.